விரிதாளும் நீண்ட எண்களும்



நான் செஞ்சியில் வாழ்கின்றவன். திருவண்ணாமலைச் சாலையில் நின்று இராஜகிரிக் கோட்டையை நோக்கினால், மலையை வளைத்துச் செல்லும் மதில் ஒரு மெல்லிய கோடாகவே தோன்றும். அதனால் அங்கே கற்கள் இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார். ஏறிச் சென்றால் ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் அதே கோட்டையில் மதில் சரிந்து கற்கள் உருண்டுபோன இடங்களும் உண்டு. அங்கே எவ்வளவு அருகே சென்றாலும் போன கல் போனதுதான். தொலைவினால் மறைந்த கல் வேறு. விழுந்து தொலைந்த கல் வேறு. கணிப்பொறியின் விரிதாளில் எழுதப்படும் நீண்ட எண்களும் இவ்விரு நிலைகளுள் ஒன்றை அடைகின்றன. எது எந்நிலை என்று அறியாதவர் பெருந்தவறு செய்வர். அத்தகைய தவற்றைச் செய்தவர்களுள் நானும் ஒருவன்.

2016-ஆம் ஆண்டில், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், உதவித்தொகை பெறவேண்டிய பிள்ளைகளின் பட்டியலை ஆயத்தம் செய்ய நேர்ந்தது. எழுத்தர் விடுப்பில் இருந்தமையால், நானே விரிதாளில் தட்டச்சுச் செய்தேன். பெயர், வகுப்பு, வங்கிக் கணக்கெண் என மூன்று பத்திகள். பிள்ளைகளுள் ஏழு பேருடைய கணக்கெண்கள் 16 இலக்கம் கொண்டவை. ஒரே நாளில் கணக்குத் தொடங்கியவர்கள் ஆதலால் அவ்வெண்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்திருந்தன. நான் எண்ணை அடித்தவுடன் அது புள்ளியும் E என்னும் எழுத்தும் கலந்த வேறொரு வடிவம் கொண்டது. வடிவமைப்பை மாற்றி முழு எண்ணையும் தோன்றச் செய்தேன். இலக்கங்களை எண்ணிப் பார்த்தேன்; ஒவ்வொன்றிலும் 16 இருந்தன. மன நிறைவோடு கையொப்பமிட்டு அனுப்பினேன்.

அந்த ஏழு பேருக்கும் பணம் வரவில்லை. அவர்களுள் ஒரு மாணவியின் தாயார் வயல் வேலைக்குச் செல்பவர். "ஐயா, புத்தகத்துல ஒண்ணும் ஏறலீங்களே" என்று இருமுறை வந்து கேட்டார். இருமுறையும் அன்றைய கூலியை இழந்தே வந்தார். "வங்கியில் தாமதமாகியிருக்கும் அம்மா, போய் வாருங்கள்" என்று நானும் இருமுறை சொல்லியனுப்பினேன். மூன்றாம் முறை அவர் தம் மகளின் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பட்டியலோடு ஒப்பிட்டேன். புத்தகத்தில் கடைசி இலக்கம் 7. என் பட்டியலில் சுழி. திடுக்கிட்டு மற்ற ஆறையும் பார்த்தேன். எல்லாம் சுழியில் முடிந்தன. ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே எண்! வங்கியின்மேல் நான் சுமத்திய பழி என்னுடையதாக முடிந்தது.

அந்தக் கடைசி இலக்கங்கள் எங்கே போயின? இதனை விளங்கிக்கொள்ள, விரிதாளின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு செயல்கள் நடைபெறுகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும். ஒன்று, எண்ணைச் சேமித்து வைத்தல். மற்றொன்று, அதனைக் கண்ணுக்குக் காட்டுதல். இவ்விரண்டும் ஒன்றே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் காட்டும் செயலைக் காண்போம். எக்ஸெல் விரிதாளில், யாதொரு வடிவமைப்பும் செய்யாத கட்டத்தில் 123456789012 என்று 12 இலக்கங்களை அடித்துப் பாருங்கள். 1.23457E+11 என்று அது காட்டும். புள்ளியை வலப்புறமாக 11 இடங்கள் நகர்த்துக என்பது இதன் பொருள். மிகப் பெரிய எண்களைச் சுருக்கி எழுத விஞ்ஞானிகள் கையாளும் முறை இது. 11 இலக்கம் வரை முழுமையாகக் காட்டும் கட்டம், 12 ஆனவுடன் இச்சுருக்கத்தை மேற்கொள்கிறது. ஆயினும் சேமிப்பில் பன்னிரண்டு இலக்கங்களும் பழுதின்றி இருக்கின்றன. கட்டத்தின்மேல் சொடுக்கினால் மேலேயுள்ள பட்டையில் அவற்றைக் காணலாம். சில வேளைகளில் ##### என்ற குறிகள் கட்டத்தை நிரப்பும். பத்தியின் அகலம் போதவில்லை என்பதே அதன் பொருள். பத்தியை அகலமாக்கினால் எண் தோன்றிவிடும். இவையெல்லாம் தொலைவில் மறைந்த கற்கள், அஞ்ச வேண்டியதில்லை.

இனிச் சேமிக்கும் செயலுக்கு வருவோம். கணிப்பொறிக்குத் தெரிந்த இலக்கங்கள் இரண்டே: சுழியும் ஒன்றும். ஓர் எண்ணை எழுத அது 64 இடங்களை ஒதுக்குகிறது. அவற்றுள் 1 இடம், எண் மிகையா குறையா என்பதைச் சொல்ல. 11 இடங்கள், புள்ளி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல. எஞ்சிய 52 இடங்களே இலக்கங்களுக்கு உரியவை. முதலில் நிற்கும் ஒன்று எழுதாமலே கொள்ளப்படுவதால் 53 இடங்களின் பயன் கிட்டுகிறது. 1985-ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் வகுத்த தரம் இது.

இரண்டை 53 முறை பெருக்கினால் 9007199254740992 கிடைக்கும். இதுவரை உள்ள முழு எண்கள் யாவற்றையும் இம்முறையில் பிழையின்றி எழுதலாம். அடுத்த எண்ணாகிய 9007199254740993-ஐ எழுத இயலாது! இந்த எல்லை 16 இலக்கங்கள் உடையது. ஆகவே 16 இலக்க எண்களில் சில அடங்கும், சில அடங்கா. 15 இலக்க எண்கள் மட்டும் யாவும் அடங்கும். எனவே எக்ஸெல் 15 இலக்கங்களை ஏற்றுக்கொண்டு, அதற்குமேல் வருவனவற்றைச் சுழியாக்கி விடுகிறது. 1234567890123456 என்று நீங்கள் அடித்தால் அது வைத்துக்கொள்வது 1234567890123450. இலக்கங்களின் தொகை 16-தான். கடைசி இலக்கம் மட்டும் உங்களுடையதன்று. நான் எண்ணிப் பார்த்தும் ஏமாந்தது இதனால்தான். இது விழுந்து தொலைந்த கல். பிறகு எந்த வடிவமைப்பை மாற்றினாலும் அது திரும்பி வராது.

பதினைந்து இலக்கம் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தொலைவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். அதனை மில்லிமீட்டரில் எழுதினால் சரியாக 15 இலக்கங்கள் வரும். அவ்வளவு பெரிய தொலைவில் ஒரு மில்லிமீட்டர் பிசகுவதைப் பற்றி யார் கவலைப்படுவர்? அளப்பதற்கும் கணக்கிடுவதற்கும் 15 இலக்கங்கள் தாராளமாகப் போதும். விரிதாளைச் செய்தவர்கள் அறியாமையால் இவ்வெல்லையை வைக்கவில்லை. 1979-இல் வெளிவந்த விசிகால்க் முதலாக, விரிதாள் என்பது கணக்குப் போடுவதற்கென்றே பிறந்த கருவி.

ஆனால் வங்கிக் கணக்கெண் ஓர் அளவா? இரண்டு பேருடைய கணக்கெண்களைக் கூட்டினால் வரும் தொகைக்கு ஏதேனும் பொருள் உண்டா? இல்லை. அது இலக்கங்களால் எழுதப்பட்ட ஒரு பெயர். அளவில் கடைசி இலக்கம் மிகச் சிறியது. பெயரில் கடைசி இலக்கமும் முதல் இலக்கத்துக்குச் சமமான மதிப்புடையது. 'கண்ணன்' என்பதில் கடைசி எழுத்தை மாற்றினால் 'கண்ணகி' ஆகிவிடக் கூடுமன்றோ? இந்த வேற்றுமையைக் கருவி அறியாது. கருவியைக் கையாளும் நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு வியப்பு. பணம் எடுக்கும் அட்டைகள் பெரும்பாலும் 16 இலக்கம் கொண்டவை. அவற்றின் கடைசி இலக்கம் ஒரு காவற்காரன். மற்ற இலக்கங்களைக் குறித்த முறையில் கூட்டிப் பெறப்படும் அது, எழுதுவதில் பிழை நேர்ந்தால் காட்டிக் கொடுக்கிறது. ஹான்ஸ் பீட்டர் லூன் என்பார் வகுத்து, 1960-இல் காப்புரிமை பெற்ற முறை அது. நம் ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கமும் இத்தகைய காவற்காரனே. அதற்குரிய முறை வேறு. அட்டை எண்ணை விரிதாளில் எழுதினால், முதலில் பறிபோவது அந்தக் காவற்காரன்தான்!

ஆதார் எண் 12 இலக்கமே ஆதலால் அதற்கு இடரில்லை என்று இருந்துவிடலாகாது. விரிதாளைச் சி.எஸ்.வி. என்னும் எளிய கோப்பாகச் சேமிக்கும்போது, கட்டம் காட்டுகின்ற வடிவமே கோப்பில் எழுதப்படுகிறது. 1.23457E+11 என்று காட்டிக் கொண்டிருந்தால் அதுவே பதிவாகும். மீண்டும் திறந்தால் கிடைப்பது 123457000000. இங்கே காட்சியே சேமிப்பாகிவிட்டது. அதுபோல எண்ணின் முன்னே நிற்கும் சுழியும் நில்லாது. செஞ்சியின் தொலைபேசிக் குறியீடாகிய 04145-ஐ அடித்தால் 4145 ஆகிவிடும். அளவுக்கு முன்சுழியால் பயனில்லை, பெயருக்கு உண்டு.

பரிகாரம் எளிது. எண்களை அடிக்கத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தியை 'எழுத்து' என்னும் வகையாக வடிவமைத்துவிட வேண்டும். அல்லது ஒவ்வோர் எண்ணின் முன்னும் ஒற்றை மேற்கோள் குறி இட வேண்டும். அடித்த பின் வகையை மாற்றுவதில் பயனில்லை. பிறரிடமிருந்து வரும் சி.எஸ்.வி. கோப்பை நேரே திறவாமல், உள்ளே கொணரும் வழியில் கொணர்ந்து, அப்பத்தி எழுத்து வகை என்று குறிக்க வேண்டும். எக்ஸெல்லின் அண்மைப் பதிப்புகளில் இத்தகைய தானியங்கி மாற்றங்களை நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: எழுத்தாக வைத்த பின்னும், கவுன்ட்இஃப் என்னும் கட்டளை இவற்றை எண்ணாகக் கருதி முதல் 15 இலக்கங்களையே ஒப்பிடும், வெவ்வேறான இரண்டை ஒன்றென்று சொல்லிவிடும்.

நான் அன்றே பத்தியை எழுத்து வகையாக்கி, ஏழு எண்களையும் கணக்குப் புத்தகங்களைப் பார்த்து மீண்டும் அடித்தேன். பிழை என்னுடையது என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினேன். பணம் வந்து சேர்ந்தது. அந்தத் தாயார் இழந்த மூன்று நாட் கூலியை மட்டும் எந்தப் பட்டியலாலும் திருப்பித் தர முடியவில்லை.

நாளை உங்களுள் பலர் அலுவலகங்களில் இத்தகைய பட்டியல்களை ஆயத்தம் செய்வீர்கள். நீண்ட எண் ஒன்று கைக்கு வரும்போது, "இதைக் கூட்டிப் பார்ப்பதில் பொருள் உண்டா?" என்று உங்களையே கேளுங்கள். இல்லையெனில் அதனை எழுத்தாக வையுங்கள். முடித்தபின், மூல ஏட்டோடு கடைசி இலக்கத்திலிருந்து ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இலக்கத்தின் மறுமுனையில் ஒரு பிள்ளை காத்திருக்கிறது.