மூன்று சவாரி போதும்!

பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் குடித்தனம் செய்கிறார்கள். கோடை விடுமுறைக்கு நீங்களும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். "எல்லோருமாக ஒரு நாள் டிஸ்னி பூங்காவுக்குப் போய் வரலாமே!" என்று பேச்சு எழுகிறது. அப்புறம் வீட்டில் என்ன நடக்கும், தெரியுமா? மாப்பிள்ளை கைபேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். ஒன்பதேகாலுக்கு இது, பத்து இருபதுக்கு அது, பதினொன்றரைக்கு மற்றொன்று என்று ரயில்வே கால அட்டவணையைப் போல ஒன்று தயாராகிவிடும். அதைப் பார்த்த மாத்திரத்திலேயே பாட்டிக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும்!

'உல்லாசமாகப் போகிற இடத்துக்கு இவ்வளவு கணக்கா?' என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு வேண்டியதுதான். ஆனால், சவாரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்குப் போடும் கணக்கு வேறு; குடும்பம் களைத்துப் போகாமல் இருப்பதற்குப் போடும் கணக்கு வேறு. பின்னதைப் போடத் தெரிந்தவர்கள் வீட்டுப் பெண்கள்தான். ஆகவே, அந்தச் சமாசாரத்தை உங்களிடமே சொல்லிவிடுவது நல்லது.

எந்தப் பூங்கா?

வால்ட் டிஸ்னி தம்முடைய முதல் பூங்காவைக் கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் 1955 ஜூலை 17-ந் தேதி திறந்தார். ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே உள்ள 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' அவர் காலமான பிறகு, 1971 அக்டோபர் 1-ந் தேதி திறக்கப்பட்டது. அங்கே இப்போது நான்கு பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு, அவற்றில் முதலாவதாகத் தோன்றிய 'மாஜிக் கிங்டம்' ஒன்றே ஒரு நாளுக்குத் தாராளம். இங்கே சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

காரை நிறுத்திய இடத்திலிருந்து நேரே பூங்காவுக்குள் நுழைந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். நடுவில் ஓர் ஏரி இருக்கிறது. படகிலோ மோனோரயிலிலோ போய்த்தான் வாசலை அடைய வேண்டும். இந்த நேரத்தை அநேகர் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் முதல் சவாரியின் நேரத்தை, பூங்கா திறக்கும் நிமிஷத்துக்கே வைத்துக்கொண்டு, காலை வேளையில் குழந்தைகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

மின்னல் வரிசை

இனி, முன்பதிவைப் பற்றி. ஒவ்வொரு சவாரிக்கும் இரண்டு வரிசைகள் உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, யார் வேண்டுமானாலும் நிற்கலாம். மற்றொன்று, நேரம் குறித்து வாங்கியவர்களுக்கு. திருப்பதியில் தர்ம தரிசனமும் நேரம் குறித்த தரிசனமும் இருப்பது போலத்தான்.

1999-ஆம் வருஷத்தில் இந்த ஏற்பாடு தொடங்கியபோது காசு கிடையாது. ஒரு காகிதச் சீட்டுத்தான். 2021 அக்டோபரில் ஃப்ளோரிடாவில் அதற்குக் கட்டணம் வந்துவிட்டது. 2024 ஜூலையில் திட்டத்தை மாற்றி, 'லைட்னிங் லேன் மல்டி பாஸ்' என்று பெயர் வைத்தார்கள். அப்போது வகுத்த முறைப்படி, டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் ஏழு நாட்களுக்கு முன்பும், மற்றவர்கள் மூன்று நாட்களுக்கு முன்பும், அந்த ஊர்க் காலை 7 மணி முதல் கைபேசிச் செயலி மூலம் பதிவு செய்துகொள்ளலாம். முதலில் மூன்று சவாரிகள்: அதிகக் கூட்டமுள்ளவற்றில் ஒன்று, மற்றவற்றில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர அவகாசம் தருவார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்தால் போதும். முதல் சவாரி முடிந்ததும் நாலாவதற்குப் பதிவு செய்துகொள்ளலாம். அதன் பிறகு ஐந்தாவது, ஆறாவது...

இங்கேதான் ஆபத்து! நாலாவதைத் தேடத் தொடங்கிய நிமிஷம் முதல் ஒருவருடைய கண் கைபேசியை விட்டு அகலாது. குழந்தை "அதோ பார், மிக்கி!" என்று கத்தும், அப்பா, "இரு, இரு!" என்பார். பூங்காவின் ஒரு கோடியில் ஒரு சவாரி, மறு கோடியில் அடுத்தது என்று வெயிலில் நடந்தே கால் ஓய்ந்துவிடும். ஆகவே, வீட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள்: முன்பதிவு மூன்றுக்கு மட்டும்தான். கைக்கு எளிதாகக் கிடைத்தால் இன்னொன்று. கிடைக்காவிட்டால் கவலை இல்லை.

அந்த மூன்றையும் எப்படித் தேர்ந்தெடுப்பது? பெரிய பையன் ஒன்று சொல்லட்டும், சின்னவள் ஒன்று சொல்லட்டும், நீங்கள் ஒன்று சொல்லுங்கள். ஆமாம், நீங்களும்தான்! மூன்றும் காலை பத்து மணிக்கும் பிற்பகல் ஒரு மணிக்கும் இடையில் அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் கிடைத்த நேரம் சரிப்படாவிட்டால் செயலியிலேயே வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ள இடம் உண்டு.

பணத்தை மிச்சப்படுத்தவும் ஒரு வழி இருக்கிறது. இந்தச் சீட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள்; தொகை நாளுக்கு நாள் மாறும். மூன்று வயது நிறையாத குழந்தைக்கு வேண்டியதில்லை. மலைச் சரிவில் பாயும் வண்டியில் ஏறவே போகாத பாட்டிக்கும் தாத்தாவுக்கும் எதற்கு? ஏறுகிறவர்களுக்கு மட்டும் வாங்கினால் போதும். கூட்டம் குறைந்த நாளில் வாசல் திறக்கும்போதே போய்விட முடியுமானால், யாருக்குமே வாங்காமல்கூடச் சமாளிக்கலாம். முதல் ஒரு மணி நேரத்தில் சாதாரண வரிசையே சீக்கிரம் நகரும்.

அம்மாவின் முறை

பதிவு செய்வதற்கு முன் குழந்தைகளின் உயரத்தை அளந்துவிடுங்கள். 'செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின்' என்ற சவாரிக்கு 38 அங்குலம் இருக்க வேண்டும். 'ஸ்பேஸ் மௌன்ட'னுக்கு 44 அங்குலம். வாசலில் அளவுகோலுடன் நிற்பார்கள். அரை அங்குலம் குறைந்தாலும் விடமாட்டார்கள். அங்கே போய்க் குழந்தை விம்மி அழுவதைவிட, வீட்டுச் சுவரில் அளந்து பார்ப்பது மேல் அல்லவா?

சரி, சின்னக் குழந்தைக்கு உயரம் போதவில்லை. என்ன செய்வது? வழக்கமாக என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். "நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள், நான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று அம்மா சொல்லிவிடுவாள். தள்ளுவண்டி, பைகள், தண்ணீர்ப் புட்டி, எல்லோருடைய தொப்பி இவற்றுக்குக் காவலாக அவள் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ஒரு போட்டோவிலும் அவள் இருக்கமாட்டாள். நாள் முழுவதும் பூங்காவில் இருந்தும் பூங்காவைப் பார்க்காதவள் அவள் ஒருத்திதான்.

இதற்கு அங்கே பரிகாரம் இருக்கிறது. 'ரைடர் ஸ்விட்ச்' என்று பெயர். குடும்பத்தோடு சவாரியின் வாசலுக்குப் போய், அங்குள்ள ஊழியரிடம் சொல்ல வேண்டும். அப்பா முதலில் போய் வருவார். அம்மா குழந்தையோடு இருப்பாள். அவர் திரும்பியதும் குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, நீண்ட வரிசையில் மறுபடி நிற்காமலே அம்மா போய் வரலாம். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. கேட்டால்தான் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு சவாரிக்கு இருமடங்கு நேரம் ஆகும் என்பதால், அதற்கும் அடுத்த சவாரிக்கும் நடுவே ஒரு மணி நேரம் காலியாக விட்டு வைப்பது அவசியம்.

வெயிலும் தயிர் சாதமும்

பிற்பகல் ஒரு மணிக்கு மேல் கூட்டமும் அதிகம், வெயிலும் அதிகம். ஃப்ளோரிடாவில் கோடைக் காலத்துப் பிற்பகல்களில் இடியும் மழையும் சகஜம். மின்னல் வெட்டினால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். எனவே அந்த நேரத்துக்கு ஒன்றையும் பதிவு செய்யாதீர்கள்.

சாப்பாட்டை வெளியிலிருந்து எடுத்துப் போகலாம் என்பது நமக்கு ஒரு வரப்பிரசாதம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. சூடு பண்ணித் தரச் சொல்லக் கூடாது. தயிர் சாதத்துக்குச் சூடு எதற்கு? சிற்றுண்டிக் கடைகளில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகவே கொடுப்பார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கவும் துணி மாற்றவும் தனி இடம் இருக்கிறது.

சாப்பிட்ட பிறகு, 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' என்ற படகில் ஏறுங்கள். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக முதலில் உருவான காட்சி அது. பல தேசத்துப் பொம்மைகள் பாடி ஆடும் நடுவே படகு மெல்லப் போகும். உயரக் கட்டுப்பாடு இல்லை; பேத்தியும் பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். 'பீப்பிள் மூவர்' என்ற வண்டியும் அப்படித்தான். உயரத்தில் காற்றாடச் சுற்றி வரும். ஏறும் மேடையே நகர்ந்துகொண்டிருக்கும் என்பதால் பெரியவர்களைக் கைபிடித்து ஏற்றிவிடுங்கள். அதிகம் நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது.

இரவு வாண வேடிக்கை முடிந்ததும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஒரே சமயத்தில் படகுக்கும் மோனோரயிலுக்கும் முண்டுவார்கள். அந்த நேரத்தில் தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். சற்று முன்னதாகவே கிளம்புங்கள். அல்லது கூட்டம் கலைகிறவரை ஒரு பெஞ்சியில் நிதானமாக உட்கார்ந்திருங்கள்.

"எத்தனை சவாரி செய்தீர்கள்?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்பாள். "ஐந்தாறு இருக்கும்" என்று சொல்லுங்கள். அவர்கள் பதினாலு செய்திருப்பார்கள். அதைப் பற்றி உங்களுக்கென்ன? அதில் அவள் எத்தனை செய்தாள் என்று மட்டும் மெதுவாக விசாரித்துப் பாருங்கள்!