75 பைசா வட்டிக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள்?

“75 பைசா வட்டிதான் சார். பேங்க்லகூட இந்த ரேட் கிடைக்காது. ஆதார், பான், ரெண்டு போட்டோ குடுங்க. சாயங்காலமே வண்டியை எடுத்துட்டுப் போயிடலாம்.”

தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானதுதான். வண்டி பிடித்துப்போய், பிள்ளைகள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட நேரத்தில் இது வரும். நூற்றுக்கு மாதம் 75 பைசா என்றால் ஆண்டுக்கு 9 சதவீதம். வங்கியில் 12 சதவீதம் சொன்னார்கள். 12-ஐவிட 9 குறைவுதானே என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மாதச் சம்பளக்காரர்கள், கணக்கு வழக்கு தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள்.

4 லட்சம் ரூபாய்க் கடன், 36 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். டீலர் சொல்லும் 75 பைசா பெரும்பாலும் ‘ஃப்ளாட்’ வட்டி. அதாவது, 4 லட்சத்துக்கு மூன்று ஆண்டுக்கும் முழுசாக 9 சதவீதம் போட்டு, வட்டி 1,08,000 ரூபாய் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அசலையும் வட்டியையும் கூட்டி 36-ஆல் வகுத்தால் மாதம் 14,111 ரூபாய் டியூ. வங்கியின் 12 சதவீதம் அப்படிப்பட்டதல்ல. மாதாமாதம் நீங்கள் கட்டக் கட்ட அசல் குறையும். மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும்தான் அடுத்த மாத வட்டி. அதன்படி டியூ 13,286 ரூபாய், மூன்று ஆண்டில் மொத்த வட்டி சுமார் 78,300 ரூபாய். ‘குறைந்த’ வட்டிக்கு வாங்கியவர் கிட்டத்தட்ட 30,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பார். பழைய காருக்கு நான்கு டயரும் மாற்றி, ஒரு வருட இன்சூரன்ஸும் போடுகிற பணம் அது.

மூன்றாம் ஆண்டில் உங்கள் கையில் மிச்சமிருக்கும் கடன் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே வந்திருக்கும். அப்போதும் 4 லட்சத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பதுதான் ஃப்ளாட் வட்டி. அந்த 9 சதவீதத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றினால் 16 சதவீதத்தைத் தாண்டும்.

அதோடு நிற்பதில்லை. டாக்குமென்ட் சார்ஜ், ப்ராசஸிங், மதிப்பீட்டுக் கட்டணம், கேட்காமலே சேர்க்கப்பட்ட ஒரு லோன் இன்சூரன்ஸ் என்று 15,000 ரூபாய் பிடித்துக்கொண்டு 3,85,000 ரூபாயைத்தான் வண்டிக்குக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். டியூ அதே 14,111 ரூபாய்தான். இப்போது உண்மையான வட்டி ஏறக்குறைய 19 சதவீதம். வங்கியும் ப்ராசஸிங் கட்டணம் வாங்கும், மறுக்கவில்லை. அதையும் கேட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கணக்கையெல்லாம் மறைக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. “மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?” அக்கறையாகக் கேட்பதுபோல் இருக்கும். பத்தாயிரம் என்று நீங்கள் சொன்னதும் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் ‘9,667 × 60’ என்று எழுதிக் கொடுப்பார்கள். உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அதே 4 லட்சத்துக்கு வட்டி 1,80,000 ரூபாயாகிவிட்டது. எட்டு வருடப் பழைய வண்டி என்றால், கடைசி டியூ கட்டும்போது அதற்குப் பதின்மூன்று வயது. அந்தக் கடைசி இரண்டு ஆண்டுகளில் கிளட்ச், சஸ்பென்ஷன், ஏசி என்று மெக்கானிக்குக்கும் தனியாக ஒரு டியூ கட்டிக்கொண்டிருப்பீர்கள். பழைய காருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் தவணை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்று ஆண்டில் கட்ட முடியாவிட்டால் அந்த வண்டி உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே இருக்கிறது. இன்னும் சின்ன வண்டி பாருங்கள்.

டீலர் ஏன் லோனை இவ்வளவு ஆர்வமாகப் பேசுகிறார்? ஃபைனான்ஸ் கம்பெனி அவருக்குக் கமிஷன் தருகிறது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. அவருடைய தொழில் அது. ஆனால் உங்களுக்கு எந்தக் கடன் லாபம் என்று யோசனை சொல்லும் இடத்தில் அவர் இல்லை என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். “நம்மகிட்ட லோன் போட்டா வண்டில பத்தாயிரம் குறைச்சுக்கலாம்” என்று சொன்னால், வட்டியில் எவ்வளவு கூடுகிறது என்று உடனே பார்க்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் பத்தாயிரம் குறைந்து முப்பதாயிரம் கூடுகிறது. வண்டி விலையை ரொக்கத்துக்கு வாங்குகிறவர்போல் முதலில் பேசி முடித்து, அதன்பிறகு கடன் பேச்சை எடுப்பதுதான் சரி.

கடன் வாங்குகிறவருக்குச் சாதகமாக ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குப் புதிதாகத் தரும் தவணைக் கடன்களுக்கு வங்கியானாலும் ஃபைனான்ஸ் கம்பெனியானாலும் ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற விவரத்தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டி, ப்ராசஸிங் கட்டணம், கடனோடு சேர்த்துப் பிடிக்கும் இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஆண்டுச் செலவு அது. 75 பைசா, ஒரு ரூபாய், ஒண்ணேகால் வட்டி என்ற பேச்செல்லாம் அந்த ஒற்றை எண்ணில் வெளுத்துவிடும். வங்கித் தாளின் ஏ.பி.ஆரையும் டீலர் தரப்புத் தாளின் ஏ.பி.ஆரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. ஆகவே “இன்னைக்கே சைன் பண்ணினாத்தான் இந்த ரேட்” என்ற அவசரத்துக்கு நீங்கள் பணிய வேண்டியதில்லை.

வங்கிக் கடனில் தொல்லை இல்லையா என்றால், இருக்கிறது. சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல், ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். டீலர் சொல்லும் விலைக்குக் கடன் தர மாட்டார்கள். தங்கள் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பில் ஒரு பங்குதான் கிடைக்கும். 5 லட்சம் சொன்ன வண்டிக்கு மதிப்பு 4.2 லட்சம் என்று ரிப்போர்ட் வந்தால் கோபம் வரும். கோபப்பட வேண்டியது வங்கி மேல் அல்ல, வண்டி விலை மேல். பழைய எச்.பி. (ஆர்.சி.யில் ஏறிய கடன் அடமானப் பதிவு) ரத்தாகியிருக்கிறதா, கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எங்கே, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று வங்கி துளைத்துத் துளைத்துக் கேட்பதெல்லாம் வாங்குகிறவர் தானே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

அதற்காக டீலர் வழியாக வரும் கடனை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. வாடகை வண்டி ஓட்டுகிறவர், மளிகைக்கடை வைத்திருப்பவர், பால் ஊற்றிப் பிழைப்பவர் போன்றோருக்குச் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும்? பத்து வயதான வண்டி என்றால் பல வங்கிகள் திரும்பியே பார்ப்பதில்லை. வங்கிகள் கைவிட்ட இந்த மக்களை நம்பித்தான் வாகனக் கடன் தொழிலே இங்கே வளர்ந்தது. சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கியது 1954-இல்; ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் 1979-இல் தொடங்கி, பழைய லாரி வாங்கும் டிரைவர்களுக்குக் கடன் கொடுத்தே பெரிதானது. இப்படிப்பட்ட பதிவு பெற்ற கம்பெனி நியாயமான ஏ.பி.ஆர். தந்தால் தாராளமாக வாங்கலாம். டீலர் மூலமாகப் போகாமல் அதே கம்பெனியின் கிளைக்கு நேரே போய்க் கேட்டுப் பாருங்கள். வட்டி இறங்க வாய்ப்புண்டு. ரிசர்வ் வங்கியின் பதிவுப் பட்டியலிலேயே இல்லாத, வெற்று செக்கும் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்தும் கேட்கிற ஆளிடம் மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் போகாதீர்கள். டியூ தவறினால் வண்டியை சீஸ் செய்வதற்கு முன் முறையான நோட்டீஸ், காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் போன் கூடாது என்ற விதிகள் பதிவு பெற்ற நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். மீறினால் 14448 என்ற எண்ணில் ரிசர்வ் வங்கியை அழைத்து, எப்படிப் புகார் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளலாம். பட்டியலில் இல்லாதவரிடம் வாங்கினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டீலரிடம் ஆதாரும் பானும் கொடுத்துவிட்டு வந்தால், அவர் நான்கைந்து கம்பெனிகளுக்கு ஒரே நேரத்தில் உங்கள் விண்ணப்பத்தை அனுப்பக்கூடும். ஒவ்வொரு கம்பெனியும் உங்கள் கடன் வரலாற்றைத் திறந்து பார்க்கும். ஒவ்வொரு விசாரணையும் அதில் பதிவாகும். குறுகிய காலத்தில் இப்படிக் குவிந்தால் சிபில் ஸ்கோர் இறங்கலாம். எந்தக் கம்பெனிக்கு அனுப்பலாம் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

முன்கூட்டி அடைக்கும் விதியும் எழுத்தில் இருக்க வேண்டும். போனஸ் வந்து ஒன்றரை ஆண்டில் கணக்கை முடிக்கப் போனால், மிச்ச வட்டியையும் சேர்த்துக் கட்டச் சொல்லும் சின்ன ஃபைனான்ஸ்காரர்கள் உண்டு. முடித்த கையோடு என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட ஃபாரம் 35-உம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எச்.பி. ரத்து செய்துவிடுங்கள். டியூ முடிந்து பல வருடம் கழித்து வண்டியை விற்கப் போகும்போது, மூடிவிட்ட ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யைத் தேடி அலைகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கார் வாங்கும் எண்ணம் இருந்தால், வண்டி பார்க்கப் போவதற்கு முன் உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கு ஒருமுறை போய், எவ்வளவு தருவார்கள், எத்தனை சதவீதம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.