பேசினதெல்லாம் எங்கே போச்சுங்க?

போன பங்குனியில் ஆனைமலைப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருத்தர் எனக்குப் போன் பண்ணினார். "ஏனுங்க, வெள்ளை ஈ மறுபடியும் ஏறிருச்சுங்க. ஓலை பூரா கருப்புப் பிடிச்சுக் கிடக்குது. முன்னாடி நம்ம குழுவுல ஒருத்தர் மஞ்சத் தாள்ல விளக்கெண்ணெய் தடவிக் கட்டற கணக்கைப் போட்டிருந்தாரே, ஏக்கருக்கு எத்தனை, எந்த உயரத்துல, எந்த மாசத்துலன்னு? அதைக் கொஞ்சம் எடுத்து அனுப்புங்க."

"அனுப்பறேனுங்க"ன்னு சொல்லி வெச்சுட்டேன். அப்புறம்தான் தேடினேன். இல்லை.

எங்கள் வட்டாரக் குழுவைக் கைபேசியில் ஆறு வருசமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன ஆடியில் மோட்டார் பார்க்கக் கிணற்றில் இறங்கினபோது சட்டைப் பையிலிருந்த போன் தண்ணிக்குள் போய்விட்டது. புதுப் போனில் அதற்குப் பிந்தைய பேச்சுத்தான் இருக்கிறது. மற்றவர்களிடம் கேட்டேன். ஒருத்தர் போனில் இடமில்லைன்னு அழித்திருந்தார், ஒருத்தர் குழுவிலிருந்தே வெளியே போயிருந்தார். கடைசியில் நாலு படம் மட்டும் கிடைத்தது. கணக்கு எழுதினவர் காலமாகிவிட்டார்.

ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ நம் நாட்டில் முதலில் கண்டறியப்பட்டதே 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான். புது நாட்டுப் பூச்சி. அதைப் பற்றி நம் பாட்டன் முப்பாட்டன் சொன்னது எதுவும் கிடையாது. நாமே தோட்டத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். விஷம் அடித்தால் ஈயோடு சேர்ந்து அதைத் தின்று அடக்குகிற என்கார்சியா என்ற பொடிக் குளவியும் செத்துப்போகும், விட்டுவைத்தால் அதுவே பெருகி நமக்கு வேலை செய்யும் என்பதைக் குழுவில் எத்தனையோ பேர் தங்கள் மரத்தைப் படம் எடுத்துப் போட்டுத்தான் மற்றவர்களை நம்பவைத்தார்கள். அந்த ஆனைமலை விவசாயி எனக்காக ஒரு வாரம் காத்திருந்தார். பிறகு கடையில் கேட்டு மருந்தை அடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சேர்த்து வைக்காதது என் தப்பு.

இதை என் அக்கா மகனிடம் சொல்லிப் புலம்பினேன். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். "மாமா, நீங்க வாய்க்கால்ல தண்ணியைச் சேமிக்கப் பார்த்திருக்கீங்க. அதுக்குக் குட்டை வேணும்"னான். அவன் சொன்ன குட்டைக்குப் பெயர் இணையக் கருத்துக்களம். அதை நடத்துகிற மென்பொருளைப் பற்றித்தான் அவனிடம் கேட்டும், தேடிப் படித்தும் இரண்டு மாதம் செலவழித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் விஷயமாச்சேன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க, கொஞ்சம் படித்தால் இது நம்ம விதைக் கதைதான்னு தெரியும்.

கைபேசிக் குழுவில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் கேட்ட கேள்வி மத்தியானம் நூறு வணக்கத்துக்கும் பூப் படத்துக்கும் அடியில் போய்விடும். கருத்துக்களத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் தனி இடம் உண்டு. வெள்ளை ஈ என்று ஒரு தலைப்பு திறந்தால், அதைப் பற்றிய பதில்கள் எல்லாம் வருசம் எத்தனை ஆனாலும் அதன் கீழேயே வரிசையாகச் சேரும். நம் தமிழ் இணையக்காரர்கள் இதற்கு ‘இழை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒழுங்குபடுத்துகிறவருக்கு வைத்த பெயர் ‘மட்டுறுத்துநர்’. அதைச் சொன்னால் எங்கள் ஊரில் தென்னை மட்டை உரிக்கிறவரான்னு கேட்பாங்க.

இந்தக் களத்தை நடத்த ஒரு மென்பொருள் வேண்டும். விலைக்கும் உண்டு, திறமூலமாகவும் உண்டு. மென்பொருள் எழுதப்பட்ட மூல நிரலையே எல்லாருக்கும் திறந்து கொடுத்துவிடுவதுதான் திறமூலம். வீரிய விதைப் பொட்டலத்துக்கும் பாரம்பரிய விதைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவதை வருசா வருசம் வாங்க வேண்டும். இரண்டாவதை எடுத்து வைக்கலாம், தெரிந்தெடுத்து மேம்படுத்தலாம், பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம்.

பிஎச்பிபிபி என்று வாயில் நுழையாத பெயரில் ஒன்று இருக்கிறது. 2000 ஜூனில் ஜேம்ஸ் அட்கின்சன் என்பவர் தன் சொந்தத் தளத்துக்காக எழுத ஆரம்பித்தது. நிரலைத் திறந்து வைத்ததும் யார் யாரோ வந்து சேர்ந்தார்கள், பிழை திருத்தினார்கள், மொழிபெயர்த்தார்கள். ஆரம்பித்தவர் பிற்பாடு விலகிவிட்டார். ஆனாலும் அது நிற்கவில்லை. 2007 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு வந்தது, இன்றைக்கும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள்.

அதன் உரிமம் ஜிபிஎல். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் முதலில் எழுதியது. அதன் சாரம்: எடுத்துப் பயன்படுத்து, மாற்று, கொடு. ஆனால் மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுத்தால், உனக்குக் கிடைத்த அதே உரிமையோடு, நிரலோடு கொடு. இதைப் படித்ததும் எனக்கு நெல் ஜெயராமன் ஐயா ஞாபகம்தான் வந்தது. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போனவர் அடுத்த வருசம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 174 பாரம்பரிய ரகங்களை அவர் மீட்டது அப்படிக் கைமாறிக் கைமாறித்தான். ஜிபிஎல்லில் திருப்பித் தரணும்னு கட்டாயம் இல்லை, நீங்களே வைத்துப் பயன்படுத்தினால் ஒரு நிபந்தனையும் கிடையாது. அடுத்தவருக்குக் கொடுக்கும்போது வேலி போடக் கூடாது, அவ்வளவுதான். 2001ஆம் வருசத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு நமக்கு விதையை எடுத்து வைக்க, விதைக்க, பகிர உரிமை தருகிறதே, அதே மாதிரி ஒரு உரிமை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த உரிமம் தாளில் இருந்தால் போதுமா, நெருக்கடியில் உதவுமா என்று பையனிடம் கேட்டேன். அவன் இரண்டு கதை சொன்னான்.

ஒன்று, பன்பிபி. ஸ்வீடன்காரர் ரிக்கார்ட் ஆண்டர்சன் எழுதிய சின்ன, வேகமான களம். அவர் அதை ஒரு கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டார். கூட உழைத்தவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. 2008இல் அதே நிரலை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஃப்ளக்ஸ்பிபி என்று வேறு பெயரில் நடத்தினார்கள். யாரும் தடுக்க முடியாது, உரிமம் அப்படி. பிற்பாடு அந்தக் குழுவும் ஈசோடாக் என்ற இன்னொரு களத்தை எழுதினவரும் சேர்ந்து ஃப்ளாரம் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் முதல் முழுப் பதிப்பு 2021இல் வந்தது. இப்படிப் பிரிந்து போவதைக் கவை பிரிவது என்கிறார்கள். நம்ம ஊர்ல அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா காடு பாதியாகும். இங்கே இரண்டு பேருக்கும் முழுக் காடு.

இன்னொன்று, விலைக்கு விற்ற விபுல்லட்டின். ஒரு காலத்தில் பெரிய களங்கள் நிறைய அதில்தான் ஓடின. அதை இன்டர்நெட் பிராண்ட்ஸ் என்ற கம்பெனி வாங்கியது. அதை வளர்த்த முக்கியமான ஆட்கள் வெளியேறி, 2010இல் ஸென்ஃபோரோ என்ற புது மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். உடனே அவர்கள் மேல் வழக்கு. 2013 வரை இழுத்துத்தான் முடிந்தது. தாங்கள் கை வலிக்க எழுதினதை அவர்களே எடுத்துப் போக வழியில்லை. அதைப் பயன்படுத்தின களங்களின் நிலையை யோசியுங்க, கம்பெனி போகிற பக்கமே போகணும். இரண்டு வீட்டிலும் சண்டைதான் நடந்தது. ஒரு வீட்டில் விதைக் குதிர் திறந்திருந்தது.

இலவசம் என்றால் வேலை இல்லை என்று அர்த்தமில்லை. இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏன்னா நம் ஆட்கள் இலவசம்னு கேட்டதும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். 2004 டிசம்பரில் சான்டி என்ற புழு பரவியது. கூகுளில் தேடித் தேடி பிஎச்பிபிபி களங்களைக் கண்டுபிடித்து, பக்கங்களை அழித்துவிட்டு, உன் தளம் நாசமாச்சு என்று எழுதிவைத்துப் போனது. ஆயிரக்கணக்கான தளங்கள் போயின. அதற்கு மருந்து ஒரு மாதம் முன்னாடியே, நவம்பரிலேயே வந்துவிட்டது. புதுப் பதிப்பை ஏற்றியவர்கள் தப்பித்தார்கள். நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று விட்டவர்களுக்குத்தான் அடி. குட்டை வெட்டினால் தூர் வாரவும் ஆள் வேண்டும்.

அதே போல, காப்புப் பிரதி. களத்தில் இருக்கிற எல்லா எழுத்தும் தரவுத்தளம் என்கிற ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அதை வாரா வாரம் படி எடுத்து இரண்டு மூன்று இடத்தில் வைக்க வேண்டும். என் போன் கிணற்றில் விழுந்த மாதிரி வாடகைக் கம்ப்யூட்டரும் ஒரு நாள் விழும். படி இருந்தால் வேறு இடத்தில் மறுநாளே நட்டுவிடலாம். நாமே வைத்து நடத்துவதில் உள்ள முக்கியமான லாபம் இதுதான்.

தமிழில் எழுத முடியுமா என்று கேட்டவர்களுக்கு: முடியும், அதற்கும் இப்படிப்பட்ட ஆட்கள்தான் காரணம். இருபது, இருபத்தைந்து வருசம் முன்பு தமிழ்க் களங்களில் ஆளுக்கொரு எழுத்துரு. ஒருத்தர் எழுதியது இன்னொருத்தர் திரையில் கோழி கிளறிய குப்பை மாதிரித் தெரியும். அந்தக் காலத்து எழுத்தில் பாதி இன்றைக்கு மாற்றித்தான் படிக்கணும். முகுந்தராஜும் தமிழா குழுவினரும் தட்டச்சு செய்ய ஒரு இலவச மென்பொருள் கொடுத்தார்கள். அதன் பெயரே எ-கலப்பை! பிற்பாடு அதுவும் திறமூலமானது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது, அந்த மாதத்தில்தான் தமிழக அரசும் யூனிகோடை முறைப்படி ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு நாம் போனில் தமிழில் எழுதுவது எல்லாரிடமும் ஒழுங்காகத் தெரிகிறது என்றால், அந்தப் பொதுக் குறியீடு இருப்பதால்தான். கணியம் இதழ் 2012இலிருந்து இந்தக் கட்டற்ற மென்பொருள் விஷயங்களைத் தமிழிலேயே எழுதி வருகிறது. நம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

களத்தின் பொத்தான்களில் வருகிற சொற்களும் தனிக் கோப்பில்தான் இருக்கும். ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை எழுதினால் போதும், நிரல் தெரிய வேண்டியதில்லை. எங்கள் குழுவின் பள்ளி ஆசிரியை ஒருத்தர் இரண்டு வாரத்தில் பாதியை முடித்துவிட்டார்.

எதை எடுப்பது என்பதில் எனக்கும் பையனுக்கும் ஒரு வாரம் வாக்குவாதம். அவனுக்கு டிஸ்கோர்ஸ் மேல் ஆசை. 2013இல் ஜெஃப் அட்வுட், ராபின் வார்ட், சாம் சாஃப்ரன் மூன்று பேரும் கொண்டுவந்தது. பார்க்க நல்லாருக்கு, கைபேசியில் சுலபம், மின்னஞ்சலில் வந்த பதிவுக்கு மின்னஞ்சலிலேயே பதில் போட்டாலும் களத்தில் ஏறிவிடும். அவர்கள் நிரலை இலவசமாகக் கொடுத்துவிட்டு, நடத்தித் தரக் கேட்பவர்களிடம் கூலி வாங்குகிறார்கள். விதை சும்மா, நாற்று விட்டுக் கொடுக்கக் கூலி. நியாயமான பிழைப்பு. ஆனால் அதற்குத் தனி சர்வர் வேண்டும். பிஎச்பிபிபி பழைய வண்டி, எந்தச் சின்ன வாடகை இடத்திலும் ஓடும், தெரிந்த ஆட்களும் அதிகம். பையன் நாளைக்கே பெங்களூர் போய்விட்டால் யார் பார்ப்பது என்று கேட்டேன். பிஎச்பிபிபிக்கு ஒத்துக்கொண்டான்.

ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டாம். நம் பெரியவர்கள் எழுதுவதில்லை, பேசுகிறார்கள். எழுபது வயது அப்பிச்சி ஒருத்தர் மஞ்சள் வேகவைக்கிற பக்குவத்தைக் குரல் பதிவில் நாலு நிமிசம் சொன்னாரே, அவரைப் போய்த் தலைப்புத் திறந்து எழுதுங்கன்னு சொல்ல முடியுமா? அதனால் கைபேசிக் குழு அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் உட்கார்ந்து, அந்த வாரம் வந்த நல்ல கேள்வி பதில்களைச் சொன்னவர் பெயரோடு, அவரிடம் கேட்டுவிட்டு, களத்தில் ஏற்ற வேண்டும். குரல் பதிவைக் கேட்டு எழுதவும் வேண்டும். எந்த ஊர், என்ன மண், எந்தப் பட்டம் என்பது இல்லாத பதிலை ஏற்றுவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். அது இல்லாத யோசனை பாதி யோசனை.

ஒரு மாதமாக வைத்துப் பார்க்கிறோம். இதுவரை இருபத்திமூன்று இழைகள். வெள்ளை ஈ இழையில் நாலு படமும் ஆனைமலைக்காரரின் கேள்வியும்தான் இருக்கின்றன. மருந்து அடித்த பிறகு என்ன ஆச்சு என்பதை அவரே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த விளக்கெண்ணெய்க் கணக்கு உங்கள் யாருடைய பழைய போனிலோ நோட்டிலோ இருந்தால் இதழ் முகவரிக்கு எழுதிப் போடுங்க, ஏத்திடறோம்.