பத்தாவதுக்குப் பின் ஆறு வருஷம்: பாதியில் நின்றால் கையில் என்ன மிஞ்சும்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே நாயுடுபேட்டைத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். பிள்ளையை இங்கேயே காலேஜில் சேர்ப்பதா, ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் அனுப்பி பிளஸ் ஒன் படிக்க வைப்பதா? மேனகூரு தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், லாரி ஆபீஸில் கணக்கு எழுதுபவர், நெடுஞ்சாலை ஓரம் டீக்கடை போட்டவர் எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். முடிவு தவறினால் பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகும். சில வீடுகளில் படிப்பே நின்றுபோகும்.

பெயர் காலேஜ், படிப்பு பிளஸ் டூ

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர்தான். அரக்கோணத்தில் இருக்கும் மாமன் மகன் பிளஸ் ஒன் படித்தால் அவன் பள்ளி மாணவன். அதே வயதில், அதே வகுப்பை நாயுடுபேட்டையில் இண்டர்மீடியட் என்ற பெயரில் படிக்கும் பையன் காலேஜ் மாணவன். இது பழைய ஏற்பாட்டின் மிச்சம். தமிழ்நாட்டில் முன்பு 11 வருஷம் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் கல்லூரிக்குப் போய் ஒரு வருஷம் பி.யு.சி. படித்தார்கள். 1978-ல் பிளஸ் டூ வந்ததும் அந்தப் படிப்பு பள்ளிக்கு இறங்கிவிட்டது. ஆந்திராவில் இரண்டு வருஷ இண்டர்மீடியட் வந்தது. அதற்கென 1971-ல் தனி போர்டும் அமைந்தது. படிப்பு ஜூனியர் காலேஜிலேயே தங்கிவிட்டது.

ஆகவே, "பிள்ளை இப்போதே காலேஜ் போகிறான், பட்டப்படிப்பில் ஒரு வருஷம் குறையும்" என்று யாராவது எண்ணினால் அது சரியல்ல. இண்டர் இரண்டு வருஷமும் முழுக்கப் பள்ளிக் கணக்கு. அதற்காக பி.ஏ., பி.எஸ்ஸி., பி.டெக். எதிலும் ஒரு நாள் கூடக் குறைவதில்லை.

அமெரிக்காவில் உள்ள முறை

பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடத்தை முடித்துக் கணக்கில் வரவு வைக்கும் முறை அமெரிக்காவில் பரவலாக இருக்கிறது. மின்னசோட்டா மாநிலம் 1985-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி உயர்நிலைப் பள்ளி மாணவர் கல்லூரியில் போய்ப் பாடம் படிக்கலாம், செலவு அரசினுடையது, தேறினால் அதே பாடம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்து எண்ணப்படும். இது தவிர, 1950-களிலிருந்தே 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்ற தேர்வு நடக்கிறது. 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவருக்குப் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தைக் கழித்துக் கொடுக்கின்றன. சில கல்லூரிகள் 4 அல்லது 5 கேட்கின்றன. கல்லூரிச் சம்பளம் மிக அதிகமான அந்த நாட்டில், ஒரு பருவம் குறைந்தாலே குடும்பத்துக்குப் பெரிய மிச்சம்.

நம் நாட்டில் அப்படியே ஒரு திட்டம் இல்லை. ஆனால் அதை நோக்கிய வேலை தொடங்கியிருக்கிறது. 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு 'கிரெடிட் பேங்க்' ஒன்றை ஏற்படுத்தியது. மாணவர் தேறிய பாடங்களுக்கான கிரெடிட், பேங்கில் பணம் போல அவர் பெயரில் கிடக்கும். கல்லூரியைப் பாதியில் விட்டவர் திரும்பி வந்தால், 7 வருஷம் வரை பழைய கிரெடிட்டை எடுத்துக்கொள்ள விதி உண்டு. 2023-ல் வந்த தேசிய கிரெடிட் திட்டம் பள்ளியையும் இதற்குள் கொண்டுவந்தது. 30 மணி நேரப் படிப்பு ஒரு கிரெடிட்; ஒரு வருஷத்துக்கு 40 கிரெடிட். எனினும் பள்ளி கிரெடிட் பள்ளிப் படிக்கும், கல்லூரி கிரெடிட் கல்லூரிப் படிக்கும் உரியவை. பிளஸ் டூவில் சேர்த்ததைக் காட்டிக் கல்லூரி முதல் வருஷத்தைத் தாண்ட முடியாது. "இப்போதே பணம் கட்டுங்கள், கல்லூரி கிரெடிட் வாங்கித் தருகிறோம்" என்று யாரேனும் வீடு தேடி வந்தால், எந்தப் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறது என்று எழுத்தில் கேட்பது நல்லது.

மூன்று கதவுகள்

அப்படியானால் பத்தாவது முடித்த பிள்ளைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. ஆந்திராவில் குறைந்தது மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன.

முதலாவது பாலிடெக்னிக். பத்தாவது தேறியவர் பாலிசெட் நுழைவுத் தேர்வு எழுதி மூன்று வருஷ டிப்ளமாவில் சேரலாம். தேர்வுக்கு 120 மதிப்பெண். பாடம் பத்தாவது கணிதம், பௌதிகம், ரசாயனம்தான். டிப்ளமா முடித்தவர் ஈசெட் என்ற தேர்வு எழுதினால் பி.டெக். இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம். பி.டெக். முதல் வருஷம் அவருக்குக் கழிந்துவிடுகிறது. 15 வயதில் படிக்கத் தொடங்கிய பாடத்துக்குக் கல்லூரியில் ஒரு முழு வருஷ வரவு கிடைக்கிறது என்றால், அமெரிக்க முறைக்கு நம் ஊரில் மிக நெருங்கியது இதுதான். தமிழ்நாட்டிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே பிளஸ் டூ தேறியவர் டிப்ளமா இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரவும் வழி இருக்கிறது. திருப்பதியில் எஸ்.வி. அரசு பாலிடெக்னிக்கும், கூடூரில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென அரசு நிலையமும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் உள்ளன.

இரண்டாவது, ஆந்திர மக்கள் 'ட்ரிபிள் ஐடி' என்று அழைக்கும் ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 2008-ல் கிராமப்புறப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. நூஜிவீடு, இடுபுலபாயா, ஒங்கோல், ஸ்ரீகாகுளம் ஆகிய இடங்களில் இயங்குகிறது. பத்தாவது மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். விடுதி இல்லாத அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 4 சதவீதம் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். உள்ளே போனால் இரண்டு வருஷம் பி.யு.சி., தொடர்ந்து நான்கு வருஷம் பி.டெக். நடுவில் இன்னொரு நுழைவுத் தேர்வு இல்லை. ஆகவே அதற்கான கோச்சிங் செலவும் இல்லை.

மூன்றாவது, இண்டர் படித்துக்கொண்டே தட்டக்கூடிய கதவு. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்புக்கு, பதினோராம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதிய மாணவரும் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடம், வாராவாரம் பயிற்சி, பிறகு நேரில் தகுதித் தேர்வு. தேறினால் பன்னிரண்டாவது முடித்ததும் சேரலாம். இதில் பள்ளியிலேயே கிடைப்பது கிரெடிட் அல்ல, சேரும் உரிமை மட்டும்தான். ஆனால் படிப்பு படிக்கட்டு போல் அமைந்தது. 32 கிரெடிட் முடித்து நின்றால் ஒரு சான்றிதழ், மேலும் படித்தால் டிப்ளமா, 114 கிரெடிட்டில் பி.எஸ்ஸி., 142-ல் பி.எஸ். 2022-லிருந்து ஒரே காலத்தில் இரண்டு பட்டம் படிக்க மானியக் குழு அனுமதித்திருப்பதால், ஊர்க் கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். பாடம் ஆங்கிலத்தில். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால்

இண்டர் 2, பி.டெக். 4, கூட்டினால் 6 வருஷம். டிப்ளமா 3, பி.டெக். 3, அதுவும் 6. ட்ரிபிள் ஐடியில் 2-ம் 4-ம் சேர்ந்து அதே 6. பொறியாளர் ஆக வேண்டுமானால் எந்த வழியில் போனாலும் காலம் ஒன்றுதான். வேறுபாடு முடிவில் இல்லை, நடுவில் இருக்கிறது.

மாதச் சம்பளத்தில் வாடகையும் அரிசியும் போக மீதியில் படிக்க வைக்கும் குடும்பத்தில், ஆறு வருஷமும் நல்லபடியாகவே போகும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? தகப்பனாருக்கு உடல்நலம் கெடலாம். கம்பெனியில் ஆளைக் குறைக்கலாம். அந்த நேரத்தில் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

இரண்டு வருஷம் இண்டர் படித்து நின்றவர் பிளஸ் டூ தகுதி கேட்கும் குமாஸ்தா வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம்; தொழில் என்று ஒன்று கையில் இராது. மூன்று வருஷம் டிப்ளமா முடித்து நின்றவர் ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினீயர் தேர்வு எழுதலாம். 1961-ம் வருஷத்து அப்ரெண்டிஸ் சட்டம் 1973-ல் திருத்தப்பட்டதிலிருந்து, டிப்ளமா பெற்றவர்கள் தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் பயிற்சி பெறவும் இடமுண்டு. சில வருஷம் வேலை பார்த்துப் பணம் சேர்த்த பிறகு பி.டெக். இரண்டாம் வருஷத்துக்குப் போகிறவர்களும் உண்டு. மருத்துவம், சட்டம், கலை, வணிகம் என்று வேறு விருப்பம் உள்ள பிள்ளைக்கு இண்டர்தான் வழி; அதை டிப்ளமாவில் தள்ளுவது தவறு. ஆனால் இன்ஜினீயரிங் என்று முடிவு செய்துவிட்ட, கையிருப்புக் குறைந்த வீட்டுக்கு டிப்ளமா பாதுகாப்பான பாதை.

ஏழாம் வகுப்பிலேயே தொடங்கும் விஷயம்

இந்தக் கதவுகளில் முதல் இரண்டுக்கும் காவலாக நிற்பது 'லோக்கல்' விதி. 1974-ல் வந்த ஜனாதிபதி உத்தரவின்படி ஆந்திராவில் 85 சதவீத இடங்கள் உள்ளூர் மாணவருக்கு. உள்ளூர் என்றால் தெலுங்கு பேசுபவர் என்று பொருள் அல்ல. தகுதித் தேர்வோடு முடியும் நான்கு வருஷம் தொடர்ந்து அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தாவதை வைத்துச் சேரும் படிப்புக்கு 7 முதல் 10 வரை இங்கே படித்த தமிழ்ப் பிள்ளையும் உள்ளூர்ப் பிள்ளையே. நாயுடுபேட்டை 2022 ஏப்ரலில் நெல்லூர் ஜில்லாவிலிருந்து திருப்பதி ஜில்லாவுக்கு மாறியதால் இதில் பாதகமில்லை. இரண்டும் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகப் பகுதிக்குள் அடங்கியவை.

எட்டாவதில் ஊருக்கு அனுப்பிவிட்டுப் பத்தாவதுக்குப் பின் திரும்ப அழைத்து வந்தால் இந்த உரிமை போய்விடும். அப்போதும் ஒரு வழி மிச்சம். பெற்றோரில் ஒருவர் மொத்தம் 10 வருஷம் ஆந்திராவில் குடியிருந்தால், மீதி 15 சதவீத இடங்களுக்குப் பிள்ளை போட்டியிடலாம். அதற்குத் தாசில்தார் சான்றிதழ் வேண்டும்.

மறுபக்கம், பத்தாவது வரை இங்கே படித்துத் தமிழ்நாட்டுக்குப் போகும் பிள்ளைக்கு அங்கே பிறப்பிடச் சான்று தேவைப்படும். 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடைக்காது. ஜாதிச் சான்றிதழிலும் இதே சிக்கல்தான். ஒரு மாநிலத்துப் பட்டியல் இன்னொரு மாநிலத்தில் செல்லாது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் தரப்பட்ட சான்றிதழைக் காட்டி ஆந்திராவில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது.

ஆக, பத்தாவது முடிவு வந்த பிறகு யோசிப்பது காலம் கடந்த யோசனை. பிள்ளை ஆறாவது முடிக்கும்போதே, மேல் படிப்பு எந்த மாநிலத்தில் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் படிப்புச் சான்றிதழைப் பள்ளியில் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். வாடகைச் சீட்டு, ரேஷன் அட்டை, கம்பெனிச் சம்பளச் சீட்டு ஆகியவை 10 வருஷக் குடியிருப்பைக் காட்ட உதவும். தூக்கி எறியக் கூடாது. விதிகளில் சிறு மாற்றங்கள் வருவதுண்டு என்பதால் அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் படித்துக்கொள்வது அவசியம். வேலை தேடி மாநிலம் கடந்து வந்த தகப்பனார் பிள்ளைக்குச் சேர்த்து வைக்கும் சொத்தில், இந்தக் காகிதக் கட்டுக்கும் ஓர் இடம் உண்டு.