நகரச் சாலை நீளும்போது நிலமும் நிதியும்

நகரங்களின் விளிம்பில் பெரும்பாலும் வீடுகள் முந்திக்கொள்கின்றன. சாலை பின்னால் வருகிறது. வண்டிப்பாதையை அகலச் சாலையாக நீட்டிக்க முற்படும் மாநகராட்சிக்கு நிலமும் வேண்டும், பணமும் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே ஏற்பாட்டில் தேடிக்கொண்ட ஊர் ஆமதாபாத். அந்நகரைச் சுற்றி 60 மீட்டர் அகலத்தில் 76 கிலோமீட்டர் நீளும் சர்தார் பட்டேல் வட்டச் சாலைக்கான நிலத்தில் பெரும்பகுதி இவ்வழியிலேயே கிடைத்தது.

‘நகரமைப்புத் திட்டம்’ எனப்படும் இந்த முறை 1915ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டத்தில் வேர்கொண்டது. இன்று அதனை நடத்துவது 1976ஆம் ஆண்டின் குஜராத் சட்டம். ஒரு பகுதியின் நிலங்கள் அனைத்தும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. சாலைக்கு 15 சதவீதம், பூங்காவுக்கும் திறந்த வெளிக்கும் 5, பள்ளி முதலிய சமூக வசதிகளுக்கு 5, விற்று நிதி திரட்ட 15 என ஒதுக்கச் சட்டம் இடமளிக்கிறது. எஞ்சியது, சீரான வடிவில் சாலையைப் பார்த்த மனையாக உரிமையாளருக்கே திரும்புகிறது.

ஒரு கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். 1,000 சதுர மீட்டர் வைத்திருந்தவருக்கு 600 சதுர மீட்டர் திரும்புகிறது. மதிப்பு சதுர மீட்டருக்கு 4,000 ரூபாய். திட்டம் நிறைவேறியதாகக் கொண்டால் 10,000 ரூபாய். திரும்பிய மனையின் மதிப்பு 24 இலட்சத்திலிருந்து 60 இலட்சமாகிறது. உயர்வான 36 இலட்சத்தில் பாதி வரை, அதாவது 18 இலட்சம், மேம்பாட்டுக் கட்டணமாகக் கோரலாம். அவர் விட்டுக்கொடுத்த 400 சதுர மீட்டருக்கு இழப்பீடு 16 இலட்சம். ஆகவே, அவர் செலுத்த வேண்டியது 2 இலட்சம் மட்டுமே.

இதில் ஒரு நடைமுறைக் குறையும் உண்டு. இரண்டு மதிப்புகளும் திட்டம் அறிவிக்கப்பட்ட நாளைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. வரைவு, முதனிலை, இறுதி என்ற மூன்று கட்டங்களையும் கடக்க ஆண்டுகள் பல ஆகும்போது, பழைய விலையில் வசூலான தொகை புதிய விலையில் வாங்கும் குழாய்களுக்குப் போதுவதில்லை. தாமதத்தின் சுமையைக் குறைக்கவே, வரைவு நிலையிலேயே சாலை நிலத்தைக் கையில் எடுக்க 1999இல் சட்டம் திருத்தப்பட்டது.

தாருக்கு அடியில் நடக்கும் வேலை சாலையைவிடச் சிக்கலானது. கழிவுநீர் சரிவை நம்பி ஓடுவதால் பாதாளச் சாக்கடை ஆழத்தில் செல்கிறது. குடிநீர்க் குழாய் அதற்கு மேலே, விலகி அமைய வேண்டும். மழைநீர் வடிகால், மின்வடம், தொலைபேசி வடம் ஆகியவற்றுக்கும் தனித்தனி இடம் வேண்டும். முதலிலேயே இவற்றைப் பதித்துவிட்டுத் தளம் போட்டால் செலவு ஒருமுறை. போட்ட சாலையை ஒவ்வொரு துறையும் வந்து வெட்டிச் செல்வது நம் ஊர்களில் யாவரும் அறிந்த காட்சி.

நிலத்தால் திரட்ட இயலாத தொகைக்குக் கடன்பத்திரங்கள் உதவுகின்றன. 1998இல் ஆமதாபாத் மாநகராட்சி, மாநில அரசின் உத்தரவாதமின்றி 100 கோடி ரூபாய் திரட்டிக் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்குச் செலவிட்டது. குறிப்பிட்ட வசூல் மையங்களின் நுழைவு வரி வருவாய், கடனைத் தீர்ப்பதற்கெனத் தனிக் கணக்கில் ஒதுக்கப்பட்டது. இத்தகைய பத்திரங்களுக்கு செபி 2015இல் விதிமுறைகள் வகுத்தது. வாடிக்கையாளர்கள் இவற்றில் முதலிடலாம். ஆனால் வங்கி வைப்புக்கு உள்ள 5 இலட்ச ரூபாய்க் காப்பீடு இவற்றுக்கு இல்லை. தரமதிப்பீட்டையும், திருப்பிச் செலுத்த ஒதுக்கப்பட்ட வருவாய் எது என்பதையும் பார்த்தே முடிவெடுப்பது நலம்.

குஜராத்தில் இத்தகைய பகுதியில் மனை வாங்க வீட்டுக்கடன் நாடுவோர், திட்டம் எந்தக் கட்டத்தில் உள்ளது என்று முதலில் கேட்க வேண்டும். பழைய பத்திரத்தில் மூல மனை எண் இருக்கும். ‘எஃப்’ படிவத்தில் இறுதி மனையின் எண்ணும் பரப்பும் இருக்கும். இவ்விரண்டும் ஒத்துவராவிடில் கடன் ஒப்புதல் தாமதமாகும். மேம்பாட்டுக் கட்டணம் செலுத்திய ரசீதையும் விற்பவரிடம் கேட்டுப் பெறுக. அந்த நிலுவை நிலத்தின்மீதே நிற்பது.