எழுபது வளைவுக்கு மேலும் ஓடட்டும் சர்வர்

ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அத்தனை மணி நேரத்திலும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் சேவை நிற்கலாம். தரவு மையங்களில் 'மூன்றாம் அடுக்கு' என்று தரம் பிரிக்கப்பட்டவற்றுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்பட்டுவரும் கணக்கு இது. சதவீதத்தில் 99.982. நான்காம் அடுக்கு என்றால் 99.995, அதாவது ஆண்டுக்கு 26 நிமிடம். இந்த அடுக்குமுறையை வகுத்த அமெரிக்காவின் அப்டைம் இன்ஸ்டிடியூட், பிற்பாடு இந்தச் சதவீதங்களைத் தன் விதிகளிலிருந்து நீக்கிவிட்டது. கட்டடத்தின் அமைப்பைத்தான் தரச்சான்று சொல்லும், எத்தனை நிமிடம் நிற்கும் என்பதற்கு அது ஜாமீன் கொடுக்காது. ஆனாலும் விளம்பரங்களிலும் ஒப்பந்தங்களிலும் அந்த எண்கள் இன்றும் புழங்குகின்றன.

அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இந்த எண்களை நம்பித்தான் கோடிக்கணக்கில் முதலீடு வந்து இறங்குகிறது. 2002-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஐ2ஐ தொடங்கி, சீ-மீ-வீ 4, வங்காள விரிகுடா கேட்வே, 2020-இல் அந்தமானுக்குப் போன கேபிள் என்று கடலடிக் கம்பிகள் சென்னைக் கரையைத் தொடுகின்றன. கேபிள் கரையேறும் ஊரில் தரவு மையமும் வளரும். 2021-இல் தமிழக அரசு இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. மாநில அரசின் சொந்தத் தரவு மையம் பெருங்குடியில் எல்காட் பொறுப்பில் இருக்கிறது. அதற்குப் பேரிடர்க்கால மாற்று மையம் திருச்சியில்.

இப்போது கொல்லிமலைக்கு வருவோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் சோளக்காடு. பலா, வாழை, அன்னாசி, மிளகு என்று மலையின் விளைச்சல் கீழே இறங்கும் வாசல் இந்த ஊர். சுற்றிலும் 'நாடு' எனப்படும் ஊர்த்தொகுதிகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அரசாங்கம் இன்று ஒரு திரை வழியாகத்தான் வந்து சேர்கிறது. ரேஷன் கடையில் பி.ஓ.எஸ். மெஷினில் கைரேகை பதிய வேண்டும். பிள்ளையின் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் இ-சேவை மையம். பட்டா, முதியோர் உதவித்தொகை, வங்கிக் கணக்கு எல்லாமே அப்படித்தான். இந்தக் கவுண்டர்களில் மலைவாசிகள் கேட்டுப் பழகிய பதில் ஒன்று உண்டு: "சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க."

பெரும்பாலான நேரம் சர்வருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெருங்குடியிலோ வேறெங்கோ குளிரூட்டிய அறையில் அது நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் எங்கோ கம்பி அறுந்திருக்கும், டவருக்குக் கரண்ட் போயிருக்கும். ஆனால் குக்கிராமத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன பயன்? அரிசி கிடைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அரசாங்கம் அன்றைக்கு நின்றுபோனது. தரவு மையத்தின் நம்பகத்தன்மையை எங்கே நின்று அளக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. சர்வர் அறையின் வாசலில் அளந்தால் 99.982 வரும். சோளக்காட்டில் கைரேகை வைக்கும் இடத்தில் அளந்தால் என்ன வரும்?

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தரவு மையம் 99.982 சதவீத நேரம் இயங்குகிறது. மலைக்கு வரும் இணைப்பு 99 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், ஊரின் மின்சாரம் 98 சதவீதம். மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதால் பெருக்க வேண்டும். 97 சதவீதம்தான் தேறுகிறது. கேட்க நல்ல மதிப்பெண் போலத்தான் இருக்கும். மணிக்கணக்கில் மாற்றினால் ஆண்டுக்கு 262 மணி நேரம், ஏறத்தாழ 11 முழு நாட்கள் சேவை இல்லை. சென்னையில் இன்னும் பல கோடி செலவழித்து மூன்றாம் அடுக்கை நான்காம் அடுக்காக்கினாலும் இந்த 11 நாளில் குறைவது ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் மட்டுமே. அதே மலைக்கு 99 சதவீத இணைப்பு ஒன்றுக்குப் பதில் இரண்டு கொடுத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் அறுந்திருக்கும் நேரம் ஆண்டுக்கு 53 நிமிடமாகச் சுருங்கிவிடும். ஒரு நிபந்தனை: இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும்.

அந்த நிபந்தனையில்தான் பெரியவர்களும் கோட்டை விட்டிருக்கிறார்கள். 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40-க்கு வர்த்தகம் நின்றது. மாலை 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கியது, 5 மணி வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டு நிறுவனங்களிடமிருந்து தனித்தனி இணைப்பு வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டுமே தடுமாறின. சாலையோரம் நடந்த தோண்டும் பணியும் கட்டுமானப் பணியும் காரணம் என்று பின்னர் விளக்கம் வந்தது. இணைப்புப் போனதும் தகவல் சேமிப்பு அமைப்பு தடுமாற, இடர் கண்காணிப்பு முடங்க, சந்தையே நின்றது. இதற்கென்றே சென்னையில் ஒரு மாற்று மையம் தயாராக இருந்தது. அன்றைக்கு அதற்கு மாறவில்லை.

இந்தியாவின் மிகப் பெரிய பங்குச் சந்தை நான்கு மணி நேரம் நின்றது. கைவசம் இருந்த மாற்று வழியில் போக முடிவெடுக்கும் பழக்கம் இல்லாததுதான் எனக்கு இதில் பெரிய செய்தி. இயந்திரத்தைக் கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம், பழக்கத்தை அப்படி வாங்க முடியாது. சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி அடுத்த மாதமே விதியை இறுக்கியது: முக்கிய அமைப்பு நின்றால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவித்தாக வேண்டும். 2024 மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் சந்தையைத் திறந்து, பாதி நேரம் முதன்மை மையத்திலும் மீதி நேரம் மாற்று மையத்திலும் நிஜ வர்த்தகமே நடத்திப் பார்த்தார்கள். பாவனை ஒத்திகை இல்லை, உண்மைப் பணம் கைமாறியது. நம்பகத்தன்மைக்காக இந்தியாவில் நடந்த வேலைகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

தரவு மையத்துக்குள் என்னதான் இருக்கிறது? வெவ்வேறு துணை மின்நிலையங்களிலிருந்து இரண்டு லைன். இரண்டும் போனால் ஜெனரேட்டர். அது உறுமிக் கிளம்பச் சில விநாடிகள் ஆகும், அந்த இடைவெளியைத் தாங்குவது யு.பி.எஸ். பேட்டரி. டீசல் தொட்டி, குளிரூட்டும் இயந்திரங்கள், புகை மோப்பம் பிடிக்கும் கருவிகள், எல்லாமே தேவைக்கு ஒன்று கூடுதலாக, அல்லது இரட்டையாக. மூன்றாம் அடுக்கின் இலக்கணம், எந்த ஒரு பாகத்தையும் கழற்றிப் பழுதுபார்க்கும்போதும் சேவை நிற்கக் கூடாது என்பது. நான்காம் அடுக்கில், எதிர்பாராமல் ஒரு பாகம் செயலிழந்தாலும் நிற்கக் கூடாது.

ஆனால் காப்பாற்ற வைத்ததே காலை வாரிவிட்ட கதைகளும் உண்டு. 2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பிராட் தெரு 75-ஆம் எண் கட்டடத்தின் மாடியில் ஜெனரேட்டர் பத்திரமாக இருந்தது. டீசலை மேலேற்றும் ஏற்பாடு அடித்தளத்தில் இருந்ததால் கடல் நீரில் மூழ்கியது. ஊழியர்கள் வாளி வாளியாகப் பதினேழு மாடிப் படிகளில் டீசல் சுமந்து சர்வர்களைக் காப்பாற்றினார்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டிய மழையைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கட்டடம் எழுப்புகிறவர்கள் ஜெனரேட்டரை எந்த உயரத்தில் வைக்கிறார்கள் என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

தென்கொரியாவின் தேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று நடந்தது இன்னும் கொடுமை. அரசின் தரவு மையத்தில் யு.பி.எஸ்ஸுக்கான லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையில் தீப்பிடித்தது. 709 அரசுக் கணினி அமைப்புகள் முடங்கின. மின்சாரம் போகாமல் காப்பதற்காக வைத்த பொருளே நெருப்பாயிற்று. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் தகவல் திரும்பக் கிடைக்காமல் அழிந்தது. அளவு பெரிது என்று சொல்லி அதற்கு வெளியே நகல் எடுத்து வைக்காமல் இருந்துவிட்டார்கள். கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு விதையைத் தொம்பை என்ற குதிரில் சேமித்துவரும் குடும்பங்கள், ஒரு வீட்டில் விதை கெட்டால் இன்னொரு வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தை ஊர் விதை வங்கிகளாக வளர்க்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இங்கே உழைத்திருக்கிறது. ஊரின் மொத்த விதையும் ஒரே தொம்பையில் கிடப்பதில்லை.

கட்டடமும் கரண்டும் சரியாக இருந்தும் சேவை விழுவதுண்டு. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யு.பி.ஐ. தடுமாறியது. சில வங்கிகளின் கணினிகள் 'பணம் போனதா, போனதா' என்று ஒரே பரிவர்த்தனையைத் திரும்பத் திரும்ப விசாரித்ததில் மைய அமைப்பு திணறியதாக யு.பி.ஐ.-யை நடத்தும் என்.பி.சி.ஐ. கண்டறிந்தது. அம்பத்தூரில் எத்தனை ஜெனரேட்டர் இருந்தாலும் இதற்கு உதவாது. எழுதிய நிரல், கொடுத்த அனுமதி, வைத்த வரம்பு ஆகியவையும் நம்பகத்தன்மையின் பாகங்கள்தான்.

மலைக்குச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் செய்கிறது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் குறைந்தது 1 ஜி.பி.பி.எஸ். வேகம் என்பது இலக்கு. நல்ல திட்டம், நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன். இந்த இழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேல் போகிறது. சமவெளியில் அது சிக்கனம். காட்டு வழியில் ஒரு மரம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் ஒரே நொடியில் போகும். அப்போது இரண்டும் இரண்டாக இல்லை, ஒன்றுதான். கொல்லிமலைக்கு ஏற இன்னொரு வழி முள்ளுக்குறிச்சிப் பக்கம் இருக்கிறது. ஓர் இழை காரவள்ளி வழியாகவும் மற்றொன்று முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறி மலைமேல் சந்தித்தால் அது வளையம். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் ஓடும். தேசியப் பங்குச் சந்தை படித்த பாடம் இந்தச் சாலைகளுக்கும் பொருந்தும்.

அடுத்தது மின்சாரம். ஊராட்சி அலுவலகத்திலும் டவரிலும் உள்ள பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கினால் மலைக்குப் போதாது. அறுந்த லைனைத் தேடிப் பிடிக்கவே மழை நாளில் அதற்கு மேல் ஆகும். ஓர் இரவு முழுக்கத் தாங்கும் பேட்டரியும் கூரையில் சூரியத் தகடும் வேண்டும். டீசல் கேனும் அதே மலைச் சாலைகளில்தான் ஏறி வர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இணைப்பு இல்லாத நேரத்திலும் வேலை நடக்க வழி செய்வது மூன்றாவது. ரேஷன் மெஷின் அட்டை விவரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பொருளைக் கொடுத்துப் பதிந்துவிட்டு, சிக்னல் வந்ததும் சென்னைக்குச் சொல்லட்டும். இருமுறை வாங்கிவிடுவார்கள் என்ற பயம் அதிகாரிகளுக்கு இருக்கலாம். அதை மறுநாள் கணக்கில் பிடிக்கலாம். இன்றைக்கு உலை வைக்க முடியாதவரின் பசியை மறுநாள் ஈடுகட்ட முடியாது. என் தீர்ப்பு தயக்கமில்லாதது: மலையூர்களில் சிக்னல் இல்லை என்பதற்காக ஒருவரைக்கூட வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது, கையெழுத்து வாங்கியாவது பொருளைக் கொடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அளவை வேண்டும். பெருங்குடி மையம் எத்தனை நிமிடம் நின்றது என்று பதிவு இருக்கும். வளப்பூர் நாட்டிலோ தின்னனூர் நாட்டிலோ ஒரு ரேஷன் கடையில் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் மெஷின் பேசவில்லை என்ற கணக்கை அரசு ஊராட்சி வாரியாக மாதாமாதம் வெளியிட வேண்டும். மெஷின்கள் எப்போது தொடர்பில் இருந்தன என்பது மைய சர்வருக்குத் தெரியும், புதிய கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை.

அதுவரை மலை மக்களே தொடங்கலாம். "சர்வர் இல்லை" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், கடையின் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மகளிர் குழுக்கள் இதை எளிதாகச் செய்ய முடியும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அங்கே நோட்டைப் படித்துக் காட்டி, முள்ளுக்குறிச்சி வழியாக இரண்டாவது இழை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.