வாசலில் தொங்கும் தராசு

கறிக்கடையில் அரைக் கிலோ கறி வாங்கும்போது நம் கண்கள் எங்கே நிற்கின்றன? தராசின் மீதுதான். நகைக்கடையில் ஒரு கிராம் தங்கம் வாங்கினாலும் எடை காட்டும் எண்ணைச் சரிபார்க்காமல் நாம் பணத்தை நீட்டுவதில்லை. அளவையிலும் நிறுவையிலும் நேர்மையை மார்க்கக் கடமையாகவே கருதும் சமுதாயம் நம்முடையது. ஆனால் நம் வீட்டு வாசலிலேயே இரவும் பகலும் ஓயாமல் நிறுத்துக் கொண்டிருக்கும் தராசு ஒன்று உண்டு. அதை நம்மில் எத்தனை பேர் ஏறிட்டுப் பார்க்கிறோம்? மின்சார மீட்டரைத்தான் சொல்கிறோம்.

கணக்கீட்டாளர் வருகிறார், எண்ணைக் குறித்துக் கொள்கிறார், போய்விடுகிறார். தொகையைக் கேட்ட பிறகே, "இவ்வளவா?" என்று திகைக்கிறோம். விற்பவர் மட்டுமே தராசைப் பார்ப்பதும், வாங்குபவர் பாராமுகமாக இருப்பதும் எந்த வாணிபத்திற்கும் அழகன்று.

யூனிட் என்பது என்ன?

ஆயிரம் வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். இந்த ஒரு வரியை மனத்தில் பதித்துக் கொண்டால் வீட்டுக் கணக்கில் பாதி விளங்கிவிடும். 2000 வாட் கெய்சர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைக் குடித்துவிடும். 1500 வாட் வாட்டர் ஹீட்டர் கம்பிக்கு 40 நிமிடம் போதும். 75 வாட் மின்விசிறியோ அதே யூனிட்டில் 13 மணி நேரம் சுழலும். 9 வாட் எல்.இ.டி. பல்பு 111 மணி நேரம் எரியும்.

ஆகவே எந்த ஊரில், எந்தக் கருவி நம் பணத்தைத் தின்கிறது என்பதை அறிவது முக்கியம். சமவெளியில் அது பெரும்பாலும் ஏ.சி.யாக இருக்கும். சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த செம்மநத்தம் போன்ற குளிர்ந்த ஊர்களில் விசிறிக்கே அதிக வேலையில்லை. அங்கே வெந்நீர்தான் செலவாளி. நால்வர் உள்ள வீட்டில் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் கெய்சர் ஓடினால் நாளொன்றுக்கு 4 யூனிட். இரண்டு மாதத்தில் 240 யூனிட்!

எல்லைக்கோட்டைத் தாண்டினால்...

தமிழகத்தில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் தன்மையுடையது. 2016ஆம் ஆண்டு முதல் இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமாக அளிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலை உதாரணமாகக் கொள்வோம். அதன்படி 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1725 ரூபாய். 510 யூனிட் செலவழித்த வீட்டுக்கோ 2030 ரூபாய்! பத்தே பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல். காரணம், 500ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலையும் பறிபோய்விடுகிறது.

பின்னர் கட்டண விகிதங்கள் உயர்ந்தன. உங்கள் இணைப்புக்கு இன்று பொருந்தும் விகிதத்தைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். ஆயினும் பாடம் ஒன்றே: அறுபது நாளில் 500க்குள் நிற்க வேண்டுமாயின் நாளொன்றுக்குச் சுமார் 8 யூனிட், முப்பதாம் நாள் 250. மாதம் முடியும் போது மீட்டரைப் பார்த்தவருக்கு அடக்கிக் கொள்ள இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பாராதவருக்கு ரசீது மட்டுமே மிச்சம்.

சக்கரமும் சிமிட்டும் விளக்கும்

மின்சாரத்தை உண்மையிலேயே தராசில் நிறுத்த காலமும் இருந்தது. 1880களில் அமெரிக்காவில் எடிசன் அமைத்த மீட்டருக்குள் துத்தநாகத் தகடுகள் இருந்தன. மாதந்தோறும் அவற்றை எடுத்து எடைபோட்டே கட்டணம் வசூலித்தார்கள். 1889இல் ஹங்கேரியப் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி சுழலும் தகடு கொண்ட மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். நம் தாத்தா காலத்து வீடுகளில் சுற்றிக் கொண்டிருந்த அலுமினியச் சக்கரம் அந்த வழியில் வந்ததே.

இன்றைய மின்னணு மீட்டரில் சக்கரம் இல்லை. ஒரு சிறு விளக்கு சிமிட்டுகிறது. அதனருகே 3200 அல்லது 1600 போன்ற ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்றிருந்தால், 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். ஒரு நிமிடத்தில் 16 முறை சிமிட்டுகிறதா? மணிக்கு 960 முறை. அதாவது வீடு 300 வாட் வேகத்தில் மின்சாரம் எடுக்கிறது. கெய்சரைப் போட்டுவிட்டு மறுபடியும் எண்ணிப் பாருங்கள். வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

எல்லா சுவிட்சுகளையும் அணைத்த பின்னும் விளக்கு சிமிட்டினால், பிளக்கில் செருகியபடி உறங்கும் கருவியோ மின்கசிவோ இருக்கக்கூடும். மெயினையே அணைத்த பிறகும் சிமிட்டினால் மின்வாரிய அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டியது அவசியம்.

ஸ்மார்ட் மீட்டர் என்ன செய்யும்?

நாடெங்கும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தும் இலக்குடன் 2021இல் ஒன்றிய அரசு திட்டமொன்றைத் தொடங்கியது. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் இவை முன்னோடியாகப் பொருத்தப்பட்டன. மாநிலம் முழுவதற்குமாகக் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளி, விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்து செய்யப்பட்டது.

இந்த மீட்டர் அரை மணிக்கோ கால் மணிக்கோ ஒரு முறை செலவைப் பதிந்து, கைபேசி அலைவரிசை போன்ற வழிகளில் அலுவலகத்திற்கு அனுப்பிவிடுகிறது. மலைப்பகுதிகளில் அலைவரிசை விட்டு விட்டுக் கிடைத்தாலும் பதிவு மீட்டருக்குள் காக்கப்பட்டுப் பின்னர் போய்ச் சேரும். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குக் கணக்கீட்டாளர் ஏறி இறங்க வேண்டியதில்லை. இணைப்பைத் தொலைவிலிருந்தே துண்டிக்கவும் முடியும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

"புது மீட்டர் வேகமாக ஓடுகிறது" என்ற குற்றச்சாட்டும் எழுவதுண்டு. தேய்ந்துபோன பழைய சக்கர மீட்டர் மெதுவாக ஓடியிருந்தால், சரியாக அளக்கும் புதியது அதிகமாகத்தான் காட்டும். அப்படியும் ஐயம் தீரவில்லையா? 2024இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, புகார் பெற்ற ஐந்து நாட்களுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்திக் குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இது சலுகையன்று, உரிமை. தமிழகத்தில் மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகாரைப் பதியலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2023இல் திருத்தப்பட்ட விதிகள், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கு நேரத்திற்கேற்ற கட்டணம் விதிக்க வழி வகுத்துள்ளன. வெயில் காயும் பகலில் விலை குறைவு. உச்ச நேரத்தில் அதிகம். நோன்பு திறந்து வீடே விழித்திருக்கும் மாலைப் பொழுது உச்ச நேரமாக அமையக்கூடும். அந்நாள் நம் வீட்டுக்கு வந்தால் இஸ்திரி, வாஷிங் மெஷின் வேலைகளைப் பகலுக்கு மாற்றும் குடும்பமே பிழைக்கும்.

திரை மட்டும் போதுமா?

பிரிட்டனில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும்போது, சமையலறையில் வைத்துக்கொள்ளச் சிறு திரை ஒன்றும் தருகிறார்கள். இந்த நொடியில் எவ்வளவு செலவு என்பதைப் பணக்கணக்கிலேயே அது காட்டும். அங்கு 2007 முதல் 2010 வரை நடந்த சோதனையில், இத்தகைய திரையுள்ள வீடுகள் சராசரியாக 3 விழுக்காடு அளவில்தான் மின்சாரத்தை மிச்சப்படுத்தின. இதன் பொருள் என்ன? திரை காட்டும், கைதான் அணைக்க வேண்டும். நம் நாட்டில் அந்தத் திரையின் வேலையைப் பெரும்பாலும் கைபேசிச் செயலி செய்கிறது. அது பிள்ளைகளின் கைபேசியில் மட்டும் இருந்து, சமையலறையை நடத்தும் தாய்க்குத் தெரியாமல் போனால் பயன் யாருக்கு?

ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். ஜும்ஆ நாள்தோறும் தொழுகைக்குப் புறப்படுமுன் மீட்டர் எண்ணை ஒரு பிள்ளையைக் குறித்து வரச் சொல்லுங்கள். சென்ற வாரத்து எண்ணைக் கழித்து, ஏழால் வகுக்கட்டும். எட்டுக்கு மேல் போனால் காரணத்தைக் குடும்பமாக உட்கார்ந்து தேடுங்கள்.

ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கம்பி வழியே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஆற்றுக்கும் அந்தப் பேணுதல் பொருந்தும். மாத வருமானத்தில் வாழும் வீட்டில் 305 ரூபாய் என்பது ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு. வருகிற ஜும்ஆவிலேயே முதல் எண்ணை எழுதத் தொடங்குங்கள்.